பதினெட்டு நிமிடம்

எங்கள் நாட்டின் ஆக உயர்ந்த மலைக்கு
முட்டைமலை என்று பெயர்.
முந்நூற்றுப் பதினெட்டு மீட்டர்.
வெளியூர்க்காரர்கள் அதன் உச்சியில் நின்றுகொண்டே
'மலை எங்கே?' என்பார்கள்.

இப்படிப்பட்ட எஸ்தோனியாவில்
மேடுகளின் உயரத்தை அளந்து பிழைக்கிறேன் நான்.
ஓர் ஆக்சிஜன் மடியிலிருந்து
இன்னோர் ஆக்சிஜன் மடிக்கு
ஒரு புரோட்டான் தாவ வேண்டும்.
எத்தனை உயரம், எவ்வளவு நேரம்:
இதற்குத்தான் தார்த்துப் பல்கலைக்கழகம் சம்பளம் தருகிறது.

பழைய கணக்கு எளிது.
புரோட்டான் ஒரு கோலிக்குண்டு.
வெப்பம் அதை உலுக்கும்.
போதிய ஆவேசம் வந்த அன்று ஏறி மறுபுறம் விழும்,
வராத அன்று பள்ளத்திலேயே உருளும்.
வாடகைக்காரர் நியாயம்:
கையில் இருந்தால் உள்ளே வா.

கீழ்த்தளத்தில் யூலார்,
திரவ நைட்ரஜன் புகையில் புருவம் வெளுக்க நிற்பவன்.
பிப்ரவரியில் ஒரு காலை ஈரக் கையுறையோடு மேலே வந்து
ஒரு தாளை வைத்தான்.
'மைனஸ் நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
பாதி தாண்டிவிட்டது. பதினெட்டு நிமிடம்.'

அதே குளிருக்கு என் கணினி சொல்லியிருந்தது:
பிரபஞ்சத்தின் வயதைப் போல் இருநூறு மடங்கு.

அவன் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

'மேட்டை ஒரு கிலோகலோரி தணித்துப் பாரேன்'
என்றார் பேராசிரியர் ஹெல்யூ, ஆரஞ்சுத் தோலை உரித்தபடி.
அன்றிரவு தணித்தேன்.
அறை வெப்பத்தில் எண்கள் அச்சாக ஒட்டிக்கொண்டன.
ஒரு நிமிடம் மகிழ்ச்சியாகவே இருந்தது, மறைக்கமாட்டேன்.
பிறகு குளிருக்குப் போனேன்.
பிரபஞ்சத்தின் வயது
பூமியின் வயதாகச் சுருங்கியிருந்தது.
ஒரு பொய் இவ்வளவு உழைத்ததே பெரிது.
மேட்டைப் பழைய உயரத்திலேயே திரும்ப வைத்தேன்.

குண்டைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.
முப்பத்திரண்டு மணி கோத்த வளையமாக அதை எழுதினேன்,
மணிக்கு மணி ஒரு சுருள்வில்.
எல்லா மணியும் சேர்ந்து ஒரே புரோட்டான்.
வெப்பத்தில் சுருண்டு, பழைய குண்டு போலவே நடித்தது.
குளிர் ஏற ஏற விரிந்தது.
உயிருள்ளதெல்லாம் குறுகிக்கொள்ளும் குளிரில்
இது மட்டும் கைகால் நீட்டியது.

முப்பத்திரண்டு போதவில்லை. அறுபத்து நான்கு.
கணினி வரிசையில் பதினோரு நாள்,
எனக்கு முன்னால் வானிலைக்காரர்கள்.
பன்னிரண்டாம் நாள் திரையில் பார்த்தேன்:
சில மணிகள் இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம்,
நடுவில் இரண்டு, வழி கேட்டால் சொல்லத் தெரியாத முகத்தோடு.
சுரங்கம் என்கிறது பாடநூல்.
யார் தோண்டியது? மண் எங்கே?
அக்கரையிலும் அது ஏற்கனவே கொஞ்சம் இருந்தது,
அவ்வளவுதான்.

யூலார் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு டியூட்டீரியம் வைத்தான்.
அதே மேடு, அதே குளிர்,
ஒரு நியூட்ரான் மட்டும் கூடுதல் சுமை.
இரண்டு நாள் தூங்காமல் பார்த்தான். பாதி தாண்டவில்லை.
என் வளையமும் கனத்துச் சுருங்கி
இந்தப் பக்கமே கிடந்தது.
முதல்முறையாக ஒரே இடத்தில் தோற்றோம்,
கைகுலுக்கிக்கொண்டோம்.

என் இறுதி விடை: நாற்பத்தோரு நிமிடம்.
'கோடானுகோடி வருடத்திலிருந்து
இருபத்து மூன்று நிமிடத் தூரத்துக்கு வந்துவிட்டாய்'
என்று கறுப்பு ரொட்டியில் பாதியைப் பிட்டு நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே ஆறு உறைந்து கிடந்தது.
பாலம் வரை போகச் சோம்பி
பனிமேல் நேராக நடந்து அக்கரை சேர்ந்தாள் ஒருத்தி,
கையில் மளிகைப் பையோடு.
உவமையாக எழுத நினைத்து விட்டுவிட்டேன்.
அவள் முழுதாக இங்கே இருந்தாள்,
நடுவில் முழுதாக நடந்தாள்,
பிறகு முழுதாக அங்கே.

இருபத்து மூன்று நிமிடம் இன்னும் எங்கேயோ ஒளிந்திருக்கிறது.
நாளை
நூற்றிருபத்தெட்டு மணி.