நாலா அஞ்சா

பதினோரு வருஷமாகச் சிவப்பு மையில் எழுதிவரும் சொல்.
டிஸ்கிரிபன்சி.
அதில் 'சி' இரண்டு முறை வருகிறது.
முதல் 'சி' க என்று ஒலிக்கும்,
அடுத்தது ச என்று.
ஒரே எழுத்து, தன்னோடு தானே ஒத்துப்போகாமல்.
இதை நான் கவனித்ததே
பொன்னழகு வந்து கேட்ட அன்றைக்குத்தான்.

சொக்கிகுளம் பி.எஃப். ஆபீஸ், மூன்றாவது கவுன்ட்டர்.
நாங்கள் திருப்பி அனுப்பிய படிவத்தைக்
கட்டைப்பையிலிருந்து எடுத்தாள்,
நாலாக மடித்து, ஓரத்தில் எண்ணெய்க் கறை.
சிவப்பு எழுத்தின் மேல் விரல் வைத்து
"இது என்னா வார்த்தை சார்? நல்லதா கெட்டதா?"

வித்தியாசம் என்றேன்.
"வித்தியாசம்னா டிஃபரன்ஸுல்ல?
மில்லுல சம்பளம் கொறஞ்சா
டிஃபரன்ஸ் அடுத்த மாசம் வரும்பாங்க.
அது மாதிரி இதுவும் வந்துருமா?"

இல்லை என்று சொல்லத் தெரிந்தது.
ஏன் இல்லை என்பதற்குத்தான் நேரமாயிற்று.
முரண்பாடு என்கிறது அகராதி.
முரண்பட்டு இங்கே யாரும் சண்டை போடவில்லை.
வேறுபாடு என்றால்
பத்து மதிப்பெண் கேள்வி போல இருக்கிறது.
கடைசியில் மேசைமேல் கிடந்த பேனாக்களை எடுத்தேன்.
இது நீலம், இது சிவப்பு. டிஃபரன்ஸ்.
இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.
ஒரே பேனாவை ஒரு நோட்டில் நீலம் என்றும்
இன்னொரு நோட்டில் சிவப்பு என்றும் எழுதி வைத்தால்
"அதான் இதா?"
அதான் இது.
ஒன்றாக இருக்க வேண்டியது இரண்டாக இருப்பது.

இறந்தவர் மச்சக்காளை, நூற்புப் பிரிவு.
படிவத்தில் மே நாலு.
ஆஸ்பத்திரிச் சான்றில் மே அஞ்சு.
ஒரு ஆள் ஒரு நாளில்தானே சாக முடியும் என்றேன்,
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை.
"எதிர்சேவை அன்னைக்கு ராத்திரி சார்.
கடச்சனேந்தல்லருந்து ஆட்டோ.
மூணுமாவடி தாண்டவே ஜனம் வழி விடல.
புதூர்கிட்ட
அவரு தலை என் மடியில கனத்துப்போச்சு.
எனக்குத் தெரிஞ்சுருச்சு.
டிரைவர்கிட்ட சொல்லல.
சொன்னா எறக்கி விட்டுருவாப்ல.
தல்லாகுளத்துல ஒரே வெளிச்சம், கொட்டுச் சத்தம்.
'தண்ணி எதுவும் கேக்குறாராக்கா'ன்னு
அந்தத் தம்பி திரும்பித் திரும்பிப் பாத்துச்சு.
ஆமான்னேன்.
பாட்டில எடுத்துக் குடுத்துச்சு.
பெரியாஸ்பத்திரியில சீட்டு எழுதையில
மணி பன்னெண்டே கால்."

புதூரிலிருந்து பெரியாஸ்பத்திரி
மற்ற நாளில் பத்து நிமிஷம்.
அன்றைக்கு ஒரு மணி நேரம்.
அந்த ஒரு மணி நேரமும்
அரசாங்கக் கணக்கில் மச்சக்காளை உயிரோடு இருந்தார்.
ஆட்டோக்காரர் கணக்கில்
தண்ணீர்கூடக் கேட்டார்.

வரிசையில் யாரோ இருமினார்கள்.
நோட்டரியிடம் போங்கள் என்றேன்,
அஞ்சுதான் சரி,
நாலு என்று எழுதியது கைத்தவறு என்று
ஒரு பத்திரம் வாங்கி வாருங்கள்.
"கைத்தவறா?"
அந்தச் சொல்லுக்கு அவள் அர்த்தம் கேட்கவில்லை.
கவுன்ட்டர் விளிம்பில் இருந்த தன் இரண்டு கையையும்
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
எடுத்துக்கொண்டு போனாள்.

மறுவாரம் பத்திரம் வந்தது.
இருபது ரூபாய்த் தாள், கோணலாக ஒரு கையெழுத்து.
"அஞ்சுன்னே போட்டுக்கங்க சார்.
படையல நான் எதிர்சேவைக்கே போட்டுக்கிறேன்.
அந்த டிஸ்கிரி... என்னமோ சொன்னீங்களே,
அது என்கிட்டயே இருக்கட்டும்."

ஃபைலை முடித்தேன்.
அந்தச் சொல்லுக்கென்று அச்சடித்த கட்டத்தில்
'இல்லை' என்று எழுதினேன்,
நீல மையில்.