கட்டிக்கிடந்த படகு

ஃபரோ தீவில் அன்று ஞாயிறு.
வளைகுடா முழுக்க ஹெர்ரிங் மீன்;
தண்ணீரே வெள்ளிக்காசாய்ப் புரண்டது.

நான் படகை அவிழ்க்கவில்லை.
சாக்காரிஸ் அவிழ்த்தான்.

போதகர் பரலோகப் பொக்கிஷம் பற்றிப் பேச,
என் காதில் அவன் மோட்டார்ச் சத்தம்.
முழங்காலில் நின்று
ஆண்டவரிடம் ஒரு புயல் கேட்டேன்,
சின்னதாக,
வலை கிழியும் அளவுக்கு.

வரவில்லை.
விளிம்புவரை அமிழ்ந்து
பாரத்தோடு திரும்பியது அவன் படகு.

அப்போதுதான் உறைத்தது:
கட்டிக்கிடந்தது படகு மட்டும்;
நான் காலையிலிருந்தே கடலில்.

பன்னிரண்டு அடித்ததும் அவன் கொட்டகைக்குப் போய்
கேட்ட ஜெபத்தைச் சொன்னேன்.
சிரித்தான். கத்தியொன்றை நீட்டினான்.

விடியும்வரை அறுத்தோம்.
கையெல்லாம் செதில்;
அதில் ஒரு மீனும் எனதில்லை.
அவ்வளவு இலேசாய்
ஒருநாளும் நான் வீடு திரும்பியதில்லை.