பத்தாவது கட்டம்

வலையெல்லாம் கரையேறிவிட்டது.
அறுபத்தொரு நாள் கடல் பூட்டிக் கிடக்கும்.
காசிமேட்டில் விசைப்படகுகள்
தோளோடு தோள் நெருக்கி
பெயின்ட் வாசத்தில் தூங்குகின்றன.

தன்ஷிகா பள்ளிக்கூடத்து அட்டையை நீட்டினாள்.
"சுதந்திரம் வந்து எழுவத்தஞ்சு வருசமாம் நைனா.
லீவு முடியறதுக்குள்ள பத்து எடம் பாக்கணும்."
பத்துக் கட்டம், பத்தும் வெள்ளை.
ஒவ்வொன்றின் கீழும் பொடி எழுத்தில்:
உடன் வந்தவர் கையொப்பம்.

முதல் கட்டத்துக்குப் பஸ் தேவைப்படவில்லை.
ராயபுரம் ஸ்டேஷன்.
மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன்,
போலீஸுக்கு ஒளிந்திருக்கிறேன்,
ஒருநாளும் தலையைத் தூக்கித்
தூணைப் பார்த்ததில்லை.
"தெக்குல மொத ரயிலு இங்கேர்ந்துதான் கெளம்புச்சாம்"
படித்துச் சொன்னாள்.
நான் தூணைத் தட்டிப் பார்த்தேன்,
விலை பேசப் போகிறவன் மாதிரி.

வால்டாக்ஸ் ரோடு என்றால்
வாலுக்கு வரியா என்று கேட்டாள்.
வால் என்றால் சுவர், வெள்ளைக்காரன் பேச்சில்.
ஊரைச் சுற்றி மதில் எழுப்பிவிட்டு
செலவைக் கொடு என்று ஊரையே கேட்டானாம்.
கடைசிவரை வசூலாகவில்லையாம்.
அந்த இடத்தில் மட்டும்
இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம்.
மிஞ்சிய மதில்துண்டின் மேல்
யாரோ சட்டை காயப்போட்டிருந்தார்கள்.

கோட்டை வாசலில் பையைத் துழாவியவர்
பேரைக் கேட்டார்.
தேசப்பன்.
"பேர்லயே தேசமா? போ, போ."
டிக்கெட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மியூசியத்தில், கண்ணாடிக்குள் ஒரு கொடி.
நாற்பத்தேழில் இந்தக் கோட்டையில் ஏறியது.
பட்டு. பன்னிரண்டடி நீளம் என்றது பலகை;
என் கணக்கில் இரண்டு பாகம்.
நைந்துவிடும் என்றோ என்னவோ
விளக்கு மங்கல்.
என் படகுக் கொடி நைலான்.
ஆவணியில் ஏற்றினால்
மார்கழிக்குள் பச்சை வெளுத்து
நுனி நார் நாராய்ப் பிய்ந்து
காற்றோடு சண்டை போட்டபடி இருக்கும்.
"இது ஆடாதா நைனா?"
"காத்து இல்லியே" என்றேன்.

கிண்டியில் தேசியப் பூங்கா.
காட்டுக்குள் நம்மை விடுவதில்லை.
கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்றோம்.
அந்தப் பக்கம் ஒரு வெளிமான்,
முறுக்கிய கொம்பு,
ரொம்ப நேரம் எங்களையே பார்த்தது.
அதன் அட்டையில்
நாங்கள் எத்தனையாவது கட்டமோ.

நிவாரணப் பணம் ஐயாயிரத்தில் எழுநூறு
ரயிலுக்கும் ஐஸுக்கும் போனது.
சுகந்தி கணக்குக் கேட்டாள்.
வரலாறு என்றேன்.
முறைத்தாள்.
ஒன்பது கையெழுத்துப் போட்டுவிட்டேன்;
ஒன்று மாதிரி ஒன்று இல்லை.

பத்தாவது கட்டத்தில்
நீங்களே தேர்ந்தெடுக்கும் இடம்
என்று அச்சடித்திருந்தது.
அவள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
அதற்குள் தடை முடிந்துவிட்டது.

நள்ளிரவு தாண்டி
படகு துறைமுக வாயைக் கடந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
வழக்கமாகப் பார்ப்பதில்லை,
முன்னால் பார்க்கத்தான் பொழுது சரியாயிருக்கும்.
கரை ஒரு கோடு. அதில் விளக்குப் பொட்டுகள்.
கோட்டை இல்லை, மதில் இல்லை,
முதல் ரயில் இல்லை.
சுருக்கென்று உறைத்தது:
கப்பலில் வந்தவன் எல்லாம்
இங்கிருந்துதான் முதலில் பார்த்திருப்பான்,
நான் தினம் முதுகு காட்டிப் போகும் இடத்திலிருந்து.
அலை தாண்டத் தெரியாதவனைப்
படகிலேற்றிக் கரைசேர்த்தது
எங்கள் ஆட்கள்தான்.
கூலி என்ன கொடுத்தானோ.

சிக்னல் போவதற்குள்
ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன்.
தூங்காமல்தான் இருந்திருக்கிறாள்.
"ஒரே கறுப்பா கீது நைனா. ஒண்ணும் தெரில."
இன்ஜின் இரைச்சலுக்குள்
இன்னொரு தடவை போன் துடித்தது.
"பரவால்ல. காலைல பிரின்ட் போட்டு ஒட்டிக்கிறேன்.
கையெழுத்து
நீ வந்து போடு."