வெள்ளைத் திட்டு

பண்டபெர்க்கில் பாதித் தெருவுக்கு
ஜோரிதான் கூரை போட்டான்.
முப்பது கோடை, கொதிக்கும் தகரத்தின் மேல்.
ஊருக்கு நிழல் கொடுத்தவன் முதுகில்
வெயில் விட்டுப்போனது
மிளகளவு கறுப்பு.

முடிவெட்டும் லோர்னா கண்ணில்தான் முதலில் பட்டது.
மிளகுதானே என்றான். வெட்டி எடுத்தார்கள்.
இரண்டு வருஷம் கழித்து
நுரையீரலில் ஆறு, ஈரலில் ஒன்று.

பிரிஸ்பேனில் டாக்டர் இஷ்பெல்
காகிதக் கோப்பையை உருட்டிக்கொண்டே சொன்னார்:
உங்கள் ரத்தத்தில் காவல்காரர்கள் உண்டு.
திருடன் உங்கள் சட்டையையே போட்டிருப்பதால்
சலாம் வைத்து வழிவிடுகிறார்கள்.
கொஞ்சம் பேரை வெளியே எடுத்து
ஒரு புதிய மரபணு கொடுப்போம்.
அதை உள்ளே சுமந்துபோக
பல் பிடுங்கிய வைரஸ் ஒன்று.
சோதனைச் சிகிச்சைதான், உறுதி சொல்ல முடியாது.

ஜோரி ஒன்றுதான் கேட்டான்:
"வைரஸுக்குக் கூலி யார் தருவது?"

நான்கு மணி நேரம் இயந்திரம் அவன் ரத்தத்தைச் சலித்தது.
அப்புறம் வாரக்கணக்கில் ஒன்றுமில்லை.
எங்கோ ஒரு பெட்டிக்குள், உடம்புச் சூட்டில்,
அவனுடைய கொஞ்சம் பெருகிக்கொண்டிருந்தது.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
தொப்பி இல்லாத பையனை ஏற்றமாட்டேன் என்று
ஒருநாள் கத்தினேன்.
அழுதான். ஏற்றிக்கொண்டேன்.

திரும்பி வந்தது ஒரு சின்னப் பை,
பார்லித் தண்ணீர் நிறத்தில்.
இருபது நிமிடம்.
இவ்வளவுதானா என்றான்.

அன்றிரவு காய்ச்சல்.
புயலில் ஆணி கழன்ற தகரம் மாதிரி
பற்கள் அடித்துக்கொண்டன.
நர்ஸ் நைரீ ஐந்தாவது போர்வையைப் போர்த்தி
எண்ணை எழுதிக்கொண்டாள்.
நல்லதா கெட்டதா, சொல்லவில்லை.

ஏழாம் வாரம், சவரம் செய்கையில்
தாடையில் ஒரு வெள்ளைத் திட்டு.
பிறகு கைமுட்டி. ஒரு புருவம். இமைமுடி.
வேலியே பயிரை மேய்கிறதே என்று
நடுங்கிப்போய்க் காரை எடுத்தேன்.
இஷ்பெல் சிரித்துவிட்டார், உடனே அடக்கிக்கொண்டார்:
தோலுக்கு நிறம் தருகிறவற்றையும் சேர்த்துத் தின்கின்றன.
அப்படியென்றால்
அடையாளம் தெரிந்துவிட்டது அவற்றுக்கு.

ஸ்கேனில் நான்கு இல்லை. இரண்டு சுருங்கியிருந்தன.
ஈரலில் இருப்பது அப்படியே,
வாடகை பாக்கிக்காரன் மாதிரி.

இப்போதெல்லாம் அந்தி சாய்ந்துதான் வெளியே வருகிறான்.
அடுத்த வீட்டுக் கூரையில் ஆணி தளர்ந்திருக்கிறதாம்,
காற்றடித்தால் கேட்கிறதாம்,
ஏணி கேட்கிறான்.
கொட்டகைச் சாவி என் பையில்.

அவன் தூங்கியபின்
திட்டுகளின் கரையை விரலால் தடவிப் பார்க்கிறேன்,
நேற்றைவிட நூலளவு
பரவியிருக்கிறதா என்று.

பரவியிருந்தால் நல்லது.