ஐந்து நிரம்பாத பயணி

நாளை மறுபடியும் விரல்விட்டு எண்ணுகிறேன்.
பன்னிரண்டாம் திகதி ஆசனம் உண்டு, விலையும் இறங்கியிருக்கிறது.
யதுசனுக்கு ஐந்து நிரம்புவது பத்தொன்பதில்.
ஐந்து நிரம்பாத பிள்ளையைத் தனியே ஏற்ற மாட்டார்களாம்.
தனியே இல்லை, அக்கா கூடப் போகிறாள்.
அக்காவுக்கு எட்டு.
எட்டு வயதைத் துணை என்று கம்பனி கணக்கெடுக்காது.
நாலு வருசமாக அவனுக்குச் சோறு தீத்துவது அவள்தான்,
அதை எந்தக் கட்டத்தில் நான் தட்டச்சு செய்வது?

களுவாஞ்சிக்குடி பிரதான வீதி.
கீழே மருந்துக்கடை, மேலே நாங்கள்.
கல்முனை பஸ் ஹோர்ன் அடித்தால்
கண்ணாடி மேசை ஒருமுறை நடுங்கி அடங்கும்.
மேசைக்கு அந்தப்பக்கம் கமலேஸ்வரன், பிள்ளைகளின் சித்தப்பா.
வெல்லாவெளியிலிருந்து தன் ஆட்டோவிலேயே
பட்டிருப்புப் பாலம் கடந்து வந்தவர்.
கால்சட்டை விளிம்பில் படுவான்கரைப் புழுதி.
கையிலிருக்கும் போனில் சூரிச்.
அங்கே இன்னும் இருட்டு.
"விசா தொண்ணூறு நாள்தான் தங்கச்சி,
வாற கிழமையே போட்டுத்தாங்க" என்கிறது அண்ணனின் குரல்.

"ஒருவழியா, போய்வரவா?"
நாளுக்கு இருபது பேரிடம் கேட்கிற கேள்வி.
சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார்.
போன்தான் பதில் சொன்னது: ஒருவழி.

பிறகு பெயர்.
கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னே நிற்கிறது,
கணினி அதைப் பிடித்துப் பின்னே தள்ளுகிறது.
ஹர்ணிகா எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டித் திருத்தினாள்.
பிறகு படிவம்.
ஒப்படைப்பவர், கொண்டுசெல்பவர், பெற்றுக்கொள்பவர்,
மூன்று பேர், மூன்று கையொப்பம்.
இந்த வேலைக்கு முன் நான் நகை அடகுக் கடையில் இருந்தேன்.
அங்கேயும் இப்படித்தான் நிறை எழுதி, அடையாளம் எழுதி,
ரசீதைத் தொலைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவோம்.

டோகாவில் நாலு மணிநேரம் நிற்கணும்,
ஒரு அன்ரி கைபிடித்துக் கூட்டிப்போவா,
கழுத்தில் ஒரு பை தொங்கும், கழற்றக் கூடாது.
எல்லாம் சொல்லி முடித்து, "ஏதும் கேக்கணுமா மனே?" என்றேன்.

யதுசன் கேட்டான்:
"அம்மாக்குக் கால் இரிக்கா?"

எட்டு மாதத்தில் விட்டுப்போன தாய்.
அவன் அறிந்தது போனுக்குள் நெஞ்சுவரைக்கும்.
சித்தப்பா வாயைத் திறந்து மூடினார்.
ஹர்ணிகாதான் சொன்னாள்:
"கலியாணப் படத்தில சாறி மூடியிரிக்கி.
ஆனா நிண்டுதான் எடுத்திரிக்கா."

போனில் அண்ணனின் முகம் விலகியது.
கூரை வந்தது, ஒரு கதவு வந்தது,
உலரப் போட்ட சட்டையின் கை வந்தது,
பிறகு தரை.
தரையில் இரண்டு பாதங்கள், சிவப்புச் சொக்ஸ்.
இடதில் ஓட்டை விழுந்து பெருவிரல் வெளியே.
அந்த விரல் அசைந்தது,
இரண்டு தரம்.

"சரி" என்றான் யதுசன்.
ஒரு ஆவணத்தைச் சரிபார்த்த அதிகாரி மாதிரி.

இருபதாம் திகதி நாலு ஆசனம் தெரிந்தது திரையில்.
சித்தப்பா குனிந்து, போனைத் தொடையில் கவிழ்த்துவைத்து,
"இருபதில இல்லாட்டி எப்ப தங்கச்சி?" என்றார்.
நான் அவரைப் பார்த்தேன்.
விசா முடிவது இருபத்தாறு.
"இருபத்திமூண்டுதான் கிடைக்கும்" என்றேன்,
போனுக்குக் கேட்கும்படி சத்தமாக.
இந்தத் தொழிலில் நான் சொன்ன பொய்களில்
கமிஷன் இல்லாதது அது.
விலை பதினோராயிரம் கூட.
அதை அண்ணனிடம் கேட்கவேயில்லை அவர்.
சேர்ட் பையிலிருந்து எடுத்து,
ஆட்டோ ஓடிய காசு, கசங்கிய நூறுகள்,
ஒவ்வொன்றாய் நீவிக் கண்ணாடிமேல் அடுக்கினார்.

படிவத்தில் கடைசிக் கோடு வெறுமையாகக் கிடக்கிறது.
அது சூரிச்சில் நிரப்பவேண்டிய இடம்.
எதற்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

மாடிப்படி செங்குத்து.
அக்கா முன்னால் இறங்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.
யதுசன் அதைப் பிடிக்கவில்லை.
செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
தன் பெருவிரலை அசைத்துப் பார்த்தான்.
ஒரு படி.
மறுபடி அசைத்தான்.