குறி எண் 138

பங்குனி வெயிலில் கண்மாய் வற்றி
முழங்காலுக்கு வந்த அன்று
அம்பலம் கரைமேல் நின்று
வெள்ளைத் துண்டை ஒருமுறை வீசினார்.
அவ்வளவுதான்.
ஊத்தாவும் கச்சாவும் அரிகூடையுமாக
நாலு ஊர் இறங்கியது.
என் ஆய்வுக்கூடம் சேறாய்க் கலங்கிற்று.

போன கார்த்திகையில் இதே தண்ணீரில்
இருநூற்றுப் பன்னிரண்டு விரால் பிடித்து
நீளம் பார்த்து, நிறை பார்த்து
முதுகுத் துடுப்பின் அடியில்
மஞ்சள் நூல் குத்தி விட்டிருந்தேன்,
சேமியா இழை கனத்தில், எண்ணோடு.
நூலைத் தந்தால் ஐம்பது ரூபாய்.
மீன் உங்களுக்கு, எண் எனக்கு.

கரையில் மேசை போட்டு உட்கார்ந்தேன்.
சோலையழகு மூன்று நூல் தந்தார்.
பள்ளத்தூர்க்காரர் ஒருவர்
ரொட்டிப் பொட்டலத்தின் முடிச்சை நீட்டி
"நம்பர் அழிஞ்சு போச்சு" என்றார்.
அந்தத் துணிச்சலுக்கு ஒரு டீ.
அழகாத்தா குழம்புச் சட்டியில் கிடந்ததைக்
கழுவாமலே கொண்டுவந்தாள்:
எழுபத்தேழு, புளி வாசத்தோடு.
பதிவேட்டில் அந்தப் பக்கம்
இன்னும் எண்ணெய் காயவில்லை.

பொழுது சாய அறுபத்தொன்று.
மீதி நூற்றைம்பத்தொன்றும்
செத்ததா, தப்பியதா, கொக்கு தின்றதா,
சூத்திரம் ஓர் ஊகம் சொல்லும்.
வராத எண்களை நம்பிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

ஒன்பது நாள் கழித்துக்
காரைக்குடி மெஸ்ஸில் மீன் அறுக்கும்
சேவுகன் போனில் கூப்பிட்டார்.
"ஒங்க நூலு ஒண்ணு. நூத்தி முப்பத்தெட்டு."
எந்தக் கண்மாய் மீன் என்றேன்.
அவர் சொன்னது எங்களுடையது அல்ல.
அதற்குக் கீழே, மூன்றாவது.

நடந்தே பார்த்தேன் அந்தத் தூரத்தை.
கலிங்கு தாண்டிக் கருவைக்குள்
ஓடை என்று சொன்னால் ஒழியத் தெரியாத ஓடை.
செம்மண், சரளை, ஆட்டுப் புழுக்கை.
மார்கழி வெள்ளத்தில்
ஒரு கண்மாயின் மிச்சம்
அடுத்ததின் வரத்து.
அந்த மிச்சத்தில்தான் இறங்கிப் போயிருக்கிறது என் மீன்.

நடுவில் புதுச் சாலை.
சாலைக்கடியில் குழாய்.
குழாய் வாய்க்கும் ஓடைத் தரைக்கும் இடையே
வெறும் காற்று, ஒன்றரை அடி.
டேப்பை வைத்துப் படம் எடுத்தேன்.
இறங்கலாம். ஏற முடியாது.

உதவிப் பொறியாளர் கடிதத்தை இரண்டுமுறை படித்தார்.
"ஒரு மீனுக்காகவா மேடம்?"
ஒரு மீன்தான். மறுக்கவில்லை.
ஒன்றை வைத்து எதையும் நிறுவக் கூடாதென்று
பரீட்சையில் எழுதித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.
"எஸ்டிமேட் திருத்தணும்,
அடுத்த வருஷம் பாப்பம்."

ஐப்பசி இரண்டாம் மழை.
இரவு பத்து மணிக்கு அங்கே நின்றேன்,
நெற்றியில் விளக்கு, கையில் எண்ணி.
குழாயிலிருந்து தண்ணீர் விழுந்து நுரைத்தது.
நுரைக்குள் முட்டிக்கொண்டு முதுகுகள்.
பன்னிரண்டுக்குள் நாற்பத்து மூன்று துள்ளல்.
கடந்தவை: சுழியம்.
விளிம்பில் இடித்து விழும் ஒவ்வொன்றும்
துவைகல்லில் ஈரத் துணி அறைகிற சத்தம்.

பன்னிரண்டு அடித்ததும் நோட்டை மூடினேன்.
ஜேசிபிக்குள் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் பாலுச்சாமி
என்ன ஏது என்று கேட்காமல் இறங்கிவந்தார்.
சாலைப் பணிக்கு அடுக்கிய மணல் மூட்டைகளில்
பதினெட்டை ஓடைக்குக் குறுக்கே போட்டோம்.
தண்ணீர் தேங்கித் தேங்கி
குழாயின் உதட்டைத் தொட்டது.

ஏதோ ஒன்று உரசிக்கொண்டு உள்ளே போனது.
பிறகு இன்னொன்று.

அறிக்கையில் நாற்பத்து மூன்று இருக்கிறது,
சுழியம் இருக்கிறது.
பார்வை நேரம் முடிந்தபின் நடப்பது
தரவில் சேராது.
விளக்கை அணைத்துவிட்டு
காதால் எண்ணிக்கொண்டிருந்தோம்.