கடல்மட்டக் கணக்கு

எல் ஆல்ட்டோவில்
விரலில் மாட்டும் கருவி யாரையும் பயமுறுத்துவதில்லை.
பந்து விளையாடிவிட்டு வரும் பையனுக்கும் எண்பத்தொன்பது,
மூச்சு இழுக்கிறவருக்கும் எண்பத்தேழு.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
காற்று கைகொடுக்காத கஞ்சன்.
ஆகவே இரத்தத்தைக் கேட்கிறோம்.

கேட்பதும் எளிதில்லை.
ஊதா மூடி, மஞ்சள் மூடி, வெளிர்நீல மூடி,
எல்லாம் எங்கோ கடலோரத்தில் செய்த குழாய்கள்.
அங்கே அடைத்த வெற்றிடம்
மலையேறி வந்ததும் சோர்ந்துவிடுகிறது,
கோடுவரை இழுப்பதில்லை.
எங்கள் இரத்தமோ தடித்தது,
சிவப்பணுக்கள் வியாழச் சந்தை போல நெருக்கியடிக்கும்.
நீலக் குழாயின் மூடி வழியே மெல்லிய ஊசி செலுத்தி
உறைதடுப்பானில் கொஞ்சம் எடுத்துக் கொட்டிய பிறகே
நரம்பைத் தேட வேண்டும்.
எவ்வளவு கொட்டுவது என்பது
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் இருக்கிறது,
என் கையெழுத்தில்.

ஜூலை. இரவு ஒன்றே முக்கால்.
குழாய்நீர் உறைந்திருந்தது.
இரண்டு பேர், ஒரு படுக்கை.

தியோஃபிலா சுகிமியா, அறுபத்தெட்டு,
காய்ந்த உருளைக்கிழங்கு விற்பவள்.
அவள் இருமல் கீழ்த்தளம்வரை இறங்கி வந்தது.
ஜன்னலுக்கு வெளியே மூன்று மகள்கள்
ஒரே போர்வைக்குள்.

வென்செஸ்லாவ் தார்க்கி, நாற்பத்தாறு, மினிபஸ் ஓட்டுநர்.
கையை நீட்டிக்கொண்டே சொன்னான்:
"கோக்கா இலை போட்டுப் பார்ப்பவர்
எனக்கு ஒன்றுமில்லை என்றுவிட்டார்.
முப்பது பொலிவியானோ வாங்கினார்.
உன் கூலி எவ்வளவு?"
சிரித்தான். இருமவில்லை.
வண்டியை மறித்து நிறுத்தியிருக்கிறானாம், போக வேண்டுமாம்.

படுக்கை தியோஃபிலாவுக்கு என்று
டாக்டர் உர்கீடி பேனாவைத் திறந்தாயிற்று.
அரை மணி பொறுங்கள் என்றேன்.

இயந்திரம் நாக்கு நீட்டுவதுபோல் தாளை நீட்டியது.
தியோஃபிலா: ஃபெரிட்டின் நூற்றெண்பது,
நிணச்செல்கள் ஆயிரத்து அறுநூறு,
டி-டைமர் அடக்கம்.
வென்செஸ்லாவ்: ஃபெரிட்டின் இரண்டாயிரத்து முந்நூறு,
நிணச்செல்கள் நானூறு, அதற்குச் சற்றுக் கீழே.
டி-டைமர் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு நட்சத்திரக் குறி.

நட்சத்திரம் என்றால் இயந்திரத்துக்கே சந்தேகம்.
அவன் இரத்தம் உறையத் தொடங்கியிருக்கிறதா,
இல்லை, நான் கொட்டிய அளவு பிசகா?
என் ஊசியின் தவறுக்காக
ஒருத்தியின் படுக்கையைப் பிடுங்குவதா?
மறுபடி குத்த வேண்டும்.
அவன் நாற்காலி காலி.

சட்டைப்பையில் இரப்பர் பட்டையோடு ஓடினேன்.
வண்டி உறுமிக்கொண்டிருந்தது,
கண்ணாடியில் "சேஹா, சேஹா" என்று அட்டை.
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தான்.
"தூக்கம்," என்றான்.
உச்சி விளக்கின் மஞ்சளில், கியர் கம்பிக்கு மேலே,
அவன் முழங்கையை என் முழங்காலில் தாங்கி
நீலக் குழாயைப் பொருத்தினேன்.
மெதுவாக வந்தது, மிக மெதுவாக,
தேன் போல என்று எழுதினால் பொய்,
அது எஞ்சின் எண்ணெய் போல வந்தது.

இந்த முறை நட்சத்திரம் இல்லை, எண் இருந்தது.
டாக்டரிடம் காட்டினேன்.
பேனா ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுதியது.
விடிவதற்குள் அவன் சிரிப்பு நின்றுபோனது,
ஆக்சிஜன் குழாய் அதற்கு முன்பே மாட்டியிருந்தது.

பதினெட்டாம் நாள்
மேசைமேல் முப்பது பொலிவியானோ வைத்தான்.
"இலைக்காரருக்குக் கொடுத்தது வீண்," என்றான்.
எடுத்துக்கொள்ள மறுத்தேன், விட்டுப் போய்விட்டான்.

தியோஃபிலா ஆறாம் நாள் திரும்பி வந்தாள்.
அன்று எண்கள் வேறு.
படுக்கை இருந்தது; அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

முதல் இரவின் அவள் தாளை வைத்திருக்கிறேன்.
எத்தனை முறை பார்த்தும் அதில் பிழை இல்லை.
அன்றைய இரத்தம் அன்றையதைச் சொல்லியிருந்தது.
அதன் மேல் பாரமாக
அந்த முப்பது பொலிவியானோ.